அறுபத்தெட்டு கிலோ

இது நடந்தது. கதை அளக்கிறேன் என்று நினைப்பவர்கள் இங்கேயே பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஜாஸ்மி என் முன்னால் உட்கார்ந்து, கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லாமல், மீன் விலை சொல்வதுபோலச் சொன்னாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒரு தனியார் கம்பெனி, இரண்டு டர்போபிராப் எஞ்சின் வைத்த சின்ன விமானம் ஒன்றை நாலு வருடமாக உருவாக்கிக்கொண்டிருந்தது. ஒன்பது பேர் போகலாம். இருக்கைகளைக் கழற்றிவிட்டால் சரக்கு ஏற்றலாம். ஜாஸ்மி அங்கே எடை பார்க்கும் எஞ்சினியர். அவள் தம்பி ஆபேல் சோதனை எஞ்சினியர். முதன்முதலாகப் பறக்கும்போது விமானிக்கு வலப்பக்கம் உட்காரப்போவது அவன்தான். அவர்களுடைய கடலோர ஊரான கடியப்பட்டணத்தில் அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

பறப்பதற்கு முந்தின நாள், மதியம் மூன்று மணி. மூன்று சக்கரங்களுக்கும் கீழே தராசு. ஆரல் காற்றைப் பற்றிச் சொல்லவேண்டுமா என்ன! இறக்கைக்கு அடியில் புகுந்தால் எடை தப்பிவிடும். அதனால் கதவுகளை அடைத்து, ஃபேனையும் நிறுத்தியிருந்தார்கள்.

கணக்கைவிட அறுபத்தெட்டு கிலோ கூடுதல்.

"யாருலே உள்ள?" என்று ஜாஸ்மி அதட்டினாள். ஏறிப் பார்த்தாள். யாரும் இல்லை. மறந்துவைத்த ஸ்பேனர்கூட இல்லை. எந்தச் சக்கரத்தில் எவ்வளவு அழுத்துகிறது என்று பார்த்தால், பாரம் எங்கே இருக்கிறதென்று சொல்லிவிடலாம். கடைசி இருக்கையில் இருந்தது.

மறுபடி பார்த்தாள். அதே அறுபத்தெட்டு. ஆனால், நடு இருக்கை.

மூன்றாம் முறை... முன்னால், வலப்பக்கம். ஆபேலின் இருக்கை.

உள்ளே 'டக்' என்று சத்தம். பெல்ட் மாட்டுகிற சத்தம்.

ஆபேல் சிரித்தான். "எனக்க வெயிட்டும் அறுபத்தெட்டுதாம்க்கா. சவம், தராசு கெட்டுக் கிடக்கு."

"ஏறி இரிலே, பாப்போம்."

ஏறி உட்கார்ந்தான். எண் அசையவில்லை. இறங்கினான். அப்போதும் அசையவில்லை.

இருபது கிலோ மணல்மூட்டையை வைத்தாள். சரியாக இருபது ஏறியது.

தராசு நன்றாகத்தான் இருந்தது...

ஜாஸ்மிக்கு அழுகைகூட வரவில்லை. தம்பி இதில் ஏறக்கூடாது. அது மட்டும்தான் மனதில் நின்றது.

"நாளைக்கு நீ போவண்டாம் மக்கா."

"எக்கா! நாலு வருஷம் உயிரக் குடுத்திருக்கேன்..."

"போவண்டாம்னா போவண்டாம்."

முன்பக்கம் பாரம் கூடுகிறது, அந்த இருக்கையில் ஆள் இல்லாமல் போனால்தான் கையெழுத்துப் போடுவேன் என்று மேலதிகாரிகளிடம் சொல்லிவிட்டாள். அவர்களுக்குக் குறித்த தேதியில் பறந்தால் போதும்.

மறுநாள் காலை விமானி சுந்தர்சிங் தனியாகவே போனார். ஆபேல் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு அக்கா பக்கத்தில் நின்றான். நாற்பது நிமிடத்தில் விமானம் பத்திரமாகத் திரும்பியது. அப்பாடா, தம்பியைக் காப்பாற்றிவிட்டோம் என்று இருந்தது அவளுக்கு.

மறுபடி எடை பார்த்தார்கள். ஒரு கிலோகூடக் கூடுதல் இல்லை.

சுந்தர்சிங் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உங்க ஊருக் கடலுக்கு மேல வச்சு சட்டுனு லேசாச்சு மோளே. வலப்பக்கத்துல இருந்து யாரோ இறங்கிப் போன மாதிரி."

சாயங்காலம் ஸ்கூட்டரில் வீட்டுக்குக் கிளம்பினாள். ஆபேல் பின்னால் ஏறினான். வண்டி அமுங்கவில்லை. வடசேரி தாண்டி ஒரு வேகத்தடையில் ஒற்றை ஆள் வண்டியாகத் துள்ளியது.

"மக்கா... இருக்கியா?"

"இருக்கேன்க்கா."

காதோரமாகத்தான் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்று மாதமாகிறது. ஆபேல் சாப்பிடுகிறான், சிரிக்கிறான், வேலைக்குப் போகிறான். அவனைத் தராசில் ஏறச் சொல்ல அவளுக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

எழுந்து போகும்போது என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அண்ணைக்கு அவன ஏற விட்டிருந்தா, அந்த அறுபத்தெட்டு கிலோவும் அவன்கூடயே திரும்பி வந்திருக்குமோ?"