நூற்றுப் பதினைந்து மைல், நான்கு வருடம்

சனிக்கிழமை காலை 7.10. கலிபோர்னியாவின் டப்ளினில் எங்கள் வீட்டு டிரைவ்வேயில் நிகோலாய் அங்கிள் எனக்கு முன்பே தயாராக நின்றார். பக்கத்து வீட்டுக்காரர், எண்பத்தொரு வயது, ரஷ்யாவில் புவியியலாளராக இருந்தவர். கழுத்தில் பைனாகுலர். போன வருடத்திலிருந்து அவருக்கு இரண்டு கண்ணும் தெரியாது.

புளியோதரை டப்பாவை நீட்டிய என் மனைவி கவிதா விடவில்லை. “ஏங்க, கண்ணு நல்லா இருந்தப்ப நாலு வருஷமா நெக்ஸ்ட் மன்த், நெக்ஸ்ட் மன்த்னீங்க. இப்ப டிரைவ் பண்ணிக் கூட்டிட்டுப் போய் என்னத்தக் காட்டப் போறீங்க?”

டப்பாவை வாங்கிப் பின் சீட்டில் வைத்தேன். அங்கிள் கேட்டதோ ஒரே ஒரு இடம், வடக்கே கடலோரத்தில் ரஷ்யர்கள் அந்தக் காலத்தில் கட்டிய ஃபோர்ட் ராஸ் கோட்டை. சனி, ஞாயிறு மகளுக்குத் தமிழ்ப் பள்ளி, நீச்சல், யார் வீட்டிலாவது பர்த்டே. வார நாளில் லீவ் போட்டால் இந்தியா ட்ரிப்பில் ஒரு நாள் குறையும். நம் ஆட்கள் வீட்டில் லீவ் என்றாலே அது ஊருக்குத்தானே!

8.00. ரிச்மண்ட் பாலம், டோல் எட்டு டாலர். அங்கிள் உற்சாகமாக இருந்தார். லேனா நதிக்கரையைக் குதிரையில் போய் அளந்தது, ஆர்க்டிக் பனிப்பாளத்தில் கூடாரம் போட்டு ஒரு குளிர்காலம் முழுக்க மிதந்தது எல்லாம் பேச்சில் வந்தது. சூப் குடிக்கும் முன் தாடியில் உறைந்த பனியைத் தட்டி உடைக்க வேண்டுமாம். இங்கிலீஷில் அவர் சொன்னதை என் தமிழில் தருகிறேன்: “கம்சட்கா கரையில நின்னு, கடலுக்கு அந்தப் பக்கம் கலிபோர்னியான்னு நினைச்சுப்பேன் குமார். ஒரு தடவை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் பாத்துடணும்.”

பாத்துடணும் என்றுதான் அன்றும் சொன்னார். நான் ரோட்டையே பார்த்து ஓட்டினேன்.

9.55. ஃபோர்ட் ராஸ், பார்க்கிங் பத்து டாலர். கோட்டையின் ரெட்வுட் மரச் சுவரைத் தடவிக்கொண்டே நடந்தார், உள்ளே இருந்த தேவாலயக் கதவைத் தொட்டு முகர்ந்தார். கையைப் பிடித்துப் பாறை விளிம்புக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தினேன்.

“என்ன தெரியுது?” என்று கேட்டார்.

எதிரே கடல் பளபளத்தது. அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. “ஒரே பனிமூட்டம் அங்கிள். யாருக்குமே ஒண்ணும் தெரியல” என்றேன்.

அவர் முகத்தை மெல்ல நிமிர்த்தினார். “கன்னத்துல வெயில் சுடுது. நான் அம்பது வருஷம் வானிலையிலயே பொழச்சவன். உள்ளதைச் சொல்லு.”

சீ, என்ன மனுஷன் நான்! வெட்கத்தோடு சொல்ல ஆரம்பித்தேன். ரொம்ப அழகு என்றேன். அழகு வேண்டாம், நிறம் சொல்லு என்றார். கிட்டே பச்சை, தள்ளிக் கருநீலம். பாறையில் ஏழு நீர்க்காகங்கள். காற்றை அவரே சொன்னார், வடமேற்கு.

பிறகு பைனாகுலரைக் கழற்றி என் கையில் வைத்தார். “நேர் மேற்கே பாரு. என் கரை தெரியுதா?”

நன்றாகப் பார்த்தேன். “இல்ல அங்கிள். தண்ணிதான்.”

சத்தமாகச் சிரித்தார். “அங்கேருந்து எனக்கும் அதுதான் தெரிஞ்சுது!”

மாலை 4.40. டப்ளின். இரண்டே முக்கால் மணி நேர வழிதான், நடுவில் ட்ராஃபிக் கூட இல்லை. இறங்கும்போது பைனாகுலரைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, “எப்ப முடிஞ்சாலும் இன்னொரு தடவை போகலாம்” என்றார். நெக்ஸ்ட் மன்த் என்று வாய் வரை வந்தது. “அடுத்த சனிக்கிழமை, ஏழு மணி” என்றேன்.