பால்மாப் பேணிக்குள் ஏழு புழுக்கள்

கல்லடி வீட்டைக் கடல் எடுத்த பிறகு தகரக் கொட்டிலில்தான் இருந்தோம். நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். என் புருசன் வலையைத் தவிர ஒன்றும் அறியாதவர். எங்கள் பக்கம் சண்டை ஓய்ந்த அடுத்த வருசம் அவருடைய அக்காவின் புருசன் வந்தாறுமூலையில் ஒரு துண்டு மணற்காணி காட்டினார்.

"கச்சான் போடுங்க. ஒழுங்கா விளைஞ்சா இதிலயே குடியிருங்க. இல்லாட்டிக் கொட்டிலுக்குப் போங்க."

கடலைச் செடி பூப்பிடிக்கும் நேரத்தில் இலையில் புழு விழுந்தது. ஓட்டமாவடிக்கு பஸ் ஏறினேன். பூச்சிமருந்துக் கடைக்கார நானா ஒரு புதுப் போத்தலைத் தந்தார்.

"தங்கச்சி, இது உடனே கொல்லாது. புழு தோல் கழட்டக்குள்ளதான் இதுட வேல. அஞ்சு நாள் பொறுக்கணும்."

"அதுவரைக்கும் திங்குமே நானா?"

"கொஞ்சம் திங்கும். பிறகு தின்னவும் ஏலாது."

அடித்த மறுநாள் விடியவே ஓடிப்போய்ப் பார்த்தேன். புழுக்கள் தின்றுகொண்டிருந்தன. ஏழு புழுவைப் பொறுக்கி, மருந்து பட்ட அதே இலைகளோடு பால்மாத் தகரப் பேணியில் போட்டு, மூடியில் ஆணியால் துளையிட்டு அடுப்படித் தட்டில் வைத்தேன்.

"என்னகா, வளக்கப் போறியா?" என்றார் என் புருசன். "மீனெண்டாச் செத்தா மிதக்கும். இதுகள் செத்ததா இல்லயா எண்டு எப்பிடித் தெரியும்?" அன்றே வாவியில் இறால் பிடிக்கப் போனார். வர ஒரு கிழமையாகும் என்றார்.

இரண்டாம் நாளும் தின்றன. முதல் அலை வடிந்ததும் ஓடாமல் நின்று சட்டிபானை பொறுக்கியவர்களை அடுத்த அலை இழுத்துப் போனதைக் கண்டவள் நான். பொறு என்று யாரும் சொன்னால் அன்றிலிருந்து என் கால் ஓடத்தான் பார்க்கும். மூன்றாம் நாள் மத்தியானம் பக்கத்துக் காணியில், உடனே கொல்லும் பழைய மருந்தை வாங்கி, இரண்டு மடங்கு கலந்து அடித்தேன்.

அரை மணியில் புழுக்கள் மழைபோல் விழுந்தன. பச்சைத் தண்ணீரைக் கக்கி, சுருண்டு, விரிந்து, மறுபடி சுருண்டன. நான் குந்தியிருந்து கடைசிவரை பார்த்தேன். மாதக்கணக்கில் கிடைக்காத நிம்மதி அது. பின்னேரம் அவற்றைத் தின்ற கரிக்குருவிகளும் வேலியடியில் கிடந்து துடித்தன. குளவிகளும் செத்தன. அவற்றையும் கூட்டி அள்ளினேன்.

அவர் வந்தபோது, "நானாட மருந்துக்குச் சாகல்ல. அஞ்சு நாள் பார்த்துத்தான் மற்றத அடிச்சன்" என்றேன்.

இரண்டு கிழமையில் புதுத் தளிரில் புதுப் புழு. அவற்றைத் தின்னக் குருவியும் இல்லை, குளவியும் இல்லை. பழைய மருந்தையே திரும்ப அடித்தேன். மயங்கிக் கிடந்துவிட்டு, எழும்பித் தின்றன. காம்புதான் மிச்சம். பிடுங்கிப் பார்த்தால் வேரில் பருப்பில்லாத கோதுகள்.

"கள்ள மருந்து தந்தவன இண்டைக்கு விடமாட்டன். அந்தப் போத்தல எடு" என்றார் முற்றத்தில் நின்று.

போத்தலை எடுக்கும்போதுதான் பேணி கையில் பட்டது. திறந்தேன். ஏழும் செத்திருந்தன. தலைப்பக்கம் தோல் வெடித்து, பாதி வெளியே வந்து, மீதியை உரிக்க ஏலாமல் கறுத்துப்போய்க் கிடந்தன. உள்ளே இருந்த புதுத் தோல் நனைந்த கடதாசிபோல் இருந்தது. இலைகளில் பாதிகூடத் தின்னப்படவில்லை. நானா சொன்னது அப்படியே நடந்திருந்தது.

பேணியை அடுப்புச் சாம்பலுக்குள் புதைத்தேன். போத்தலை அவர் கையில் கொடுத்தேன்.

பின்னேரம் சட்டைப் பொத்தான் அறுந்து வந்தார்.

"மூக்கு உடைய அடிச்சன். விழுந்து கிடந்தும், பொஞ்சாதியிட்டக் கேளுங்க, அஞ்சு நாள் பொறுத்தவவா எண்டு சொல்றான். பொறுத்தநீதானே?"

"ஓம்" என்றேன்.

"அப்ப அடிச்சது சரி" என்று கையைக் கழுவினார். நான் தண்ணீர் வார்த்தேன். அடுத்த கிழமை கொட்டிலுக்குத் திரும்பினோம்.