சுடலைமணியின் ஜெர்மன் கார்

உரக்கடை சுடலைமணி எதையும் ஒரு தடவை சொன்னால் நம்பமாட்டார். கம்பெனியில் தைத்து வந்த யூரியா மூட்டையையும் தராசில் ஏற்றிப் பார்த்துத்தான் அடுக்குவார். சங்கரன்கோவிலில் தன் கடை முப்பது வருஷம் நிலைத்ததற்கு இந்தக் குணம்தான் காரணம் என்பது அவர் நினைப்பு. அப்படிப்பட்டவர் பத்து வருஷம் ஓடிய ஒரு ஜெர்மன் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியபோது, அவர் மனைவி முத்துமாரி வெளியே வந்து அதை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள்.

விற்றவர் கடையநல்லூர் சித்தீக். துபாய் வேலையை விட்டு ஊரோடு வந்துவிட்டவர். ஆறு லட்சம் என்றார். அதற்குமேல் ஒரு பேச்சும் பேசவில்லை. பேரத்துக்கு வராதவன் எதையோ மறைக்கிறான் என்று சுடலைமணிக்கு அங்கேயே பட்டது. ஆனாலும் காரின் மேல் வந்த ஆசை விடவில்லை. சித்தீக் சாவியோடு தடித்த ஃபைல் ஒன்றையும் கொடுத்தார்.

"அண்ணாச்சி, நான் வண்டிக்குச் செஞ்ச வேலைக்கெல்லாம் பில்லு இதுல இருக்கு. நல்ல வண்டி, ஆனா செலவு வைக்கும். இஞ்சினைக் குளுத்துத கூலண்ட் மட்டும் கம்பெனி சொல்லுததையே ஊத்துங்க."

பொய் பில் அடிப்பது பெரிய காரியமா என்று நினைத்த சுடலைமணி, ஃபைலைப் பிரிக்காமலே பீரோவில் வைத்துவிட்டார்.

முதல் சர்வீஸுக்குத் திருநெல்வேலி போனார். நாற்பத்தோராயிரம் ஆனது. மாற்றியதாகச் சொன்ன சாமான்களை உண்மையிலேயே மாற்றினார்களா என்ற யோசனையில் அவருக்கு நாலு நாள் தூக்கம் பிடிக்கவில்லை. அடுத்த சர்வீஸுக்கு முந்தின நாள் முத்துமாரியின் நகப்பாலிஷை எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் படுத்தார். ஃபில்டர், பேட்டரி, பிரேக் என்று கை எட்டிய இடத்திலெல்லாம் ஒரு பொட்டு வைத்தார். வண்டி திரும்பி வந்ததும் டார்ச் அடித்துப் பார்த்தார். பில்லில் இருந்த எந்தச் சாமானிலும் பொட்டு இல்லை.

"அப்ப மாத்தியிருக்காங்கதான?" என்றாள் முத்துமாரி.

"தொடைச்சு வச்சிருப்பானுவ."

மூன்று மாதம் கழித்து கூலண்ட் விளக்கு சிவப்பாக எரிந்தது. சர்வீஸ் சென்டரில் அனு என்ற பெண்தான் போன் எடுப்பாள். "எங்கயோ லீக் ஆகுது சார். கொண்டுவாங்க, பாத்துருவோம்" என்றாள். சுடலைமணிக்குச் சிரிப்புதான் வந்தது. ரோஸ் கலரில் ஒரு தண்ணீர், அதற்கு நாலாயிரம். கடைக்குப் பின்னால் போனார். போர் குழாயில் ஒரு வாளி பிடித்து ஊற்றினார். விளக்கு அணைந்தது.

அதற்குப்பின் விளக்கு எரியும்போதெல்லாம் வாளிதான். அந்தத் தண்ணீர் வீட்டுப் பாத்திரத்திலெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பொருக்கு கட்டும். அது அவருக்கும் தெரியும். காரோடு சேர்த்து அதை யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

ராஜபாளையத்தில் ஒரு கல்யாணம். இருவரும் காரில் கிளம்பினார்கள். பாதி வழியில் சூட்டைக் காட்டும் முள் உச்சிக்கு ஏறியது. "நிப்பாட்டுங்க" என்றாள் முத்துமாரி. "மீட்டரு பொய் சொல்லுதுட்டி" என்று இன்னும் நாலு கிலோமீட்டர் ஓட்டினார். முன்னால் ஆவி கிளம்பி, வண்டி தானாகவே நின்றது. முத்துமாரி மொய்க்கவரை எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள்.

வண்டியைக் கட்டியிழுத்துப் போய்த் திருநெல்வேலியில் இஞ்சினைப் பிரித்தபிறகு, அனு கூலண்டை ஓடவைக்கும் பம்பைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தாள். உள்ளே சுண்ணாம்பு அப்பியது போலிருந்தது. இறக்கைகளைத் துரு தின்றிருந்தது.

"சார், இதுல என்ன ஊத்துனீங்க?"

"நீங்க ஊத்துனதுதாம்மா."

அவள் பம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். இரண்டு லட்சத்து எண்பதாயிரம் ஆகும் என்றாள்.

சுடலைமணி அங்கிருந்து நேரே கடையநல்லூருக்குப் பஸ் ஏறினார். கெட்டுப்போன வண்டியைத் தன் தலையில் கட்டிவிட்டான் என்று வழியெல்லாம் பேச்சைத் தயார் பண்ணிக்கொண்டு போனார். சித்தீக் எல்லாவற்றையும் கேட்டார். குரலை உயர்த்தவில்லை.

"எனக்கும் அந்த லைட்டு எரிஞ்சுது அண்ணாச்சி. ஒரு ரப்பர் குழாய்தான். பதினெட்டாயிரம் ஆச்சு. ஃபைலைப் பாக்கலையா?"

சுடலைமணி அங்கே கொடுத்த டீயைக் குடிக்காமலே எழுந்தார். வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தார். மூன்றாவது பில் அந்தக் குழாய்க்கானது. ஓரத்தில் சித்தீக் பேனாவால் எழுதியிருந்தார்: 'ரெண்டு வருஷத்துல திரும்பப் போகும். லைட் எரிஞ்சா உடனே மாத்தணும்.' நகப்பாலிஷ் பொட்டெல்லாம் நினைவுக்கு வந்தது. தன் முகத்தைத் தானே பார்க்கக் கூசியது அவருக்கு.

பணத்தைக் கட்டி வண்டியை மீட்டார். விற்றுத் தொலைக்கலாம் என்று சொல்லிவைத்ததில், புளியங்குடி எலுமிச்சை வியாபாரி பிச்சையா பார்க்க வந்தார். சுடலைமணி போர் தண்ணீர் ஊற்றியதிலிருந்து இஞ்சின் பிரித்தது வரை ஒன்றுவிடாமல் சொன்னார். பிச்சையா காரின் முன்மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு மூடினார்.

"விக்க வந்தவரு இவ்வளவு சொல்ல மாட்டாரே. பெரிசா வேற என்னத்தையோ மறைக்கீரு வே."

கார் இன்றும் சுடலைமணியிடம்தான் இருக்கிறது. எந்த விளக்கு எரிந்தாலும் ரோட்டோரமாக நிறுத்தி அனுவுக்குப் போன் போடுகிறார். அவள் சொல்வதையெல்லாம் கேட்டுவிட்டு, "நெசமாத்தான் சொல்லுதியாம்மா?" என்று ஒரு தடவை கேட்பார். ஆமாம் என்பாள். அவள் சொன்னபடியே செய்வார்.