ஒற்றைப் பூஜாடி

பெண்கள் கூடிப் பேசும் இடத்தில் ஒருத்தி தன் புருஷனின் சீட்டாட்டத்தைச் சொல்வாள், இன்னொருத்தி வெற்றிலை புகையிலையைச் சொல்வாள். என் மனைவி மட்டும் "எங்காத்துல ஜாடி" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வாளாம். இதை அவளே என்னிடம் சொன்னாள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. பத்துப் பதினோரு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளை நான் பிரெஞ்சுப் பீங்கான் ஜாடிகளுக்குத்தான் கொடுத்தேன். இப்போது நினைத்தால் அலுப்பாக இருக்கிறது. அப்போதும் அலுப்பாகத்தான் இருந்தது, விட முடியவில்லை.

ஸ்ரீரங்கத்தில் வீடு, பொன்மலையில் ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா வேலை. வாரத்தில் ஆறு நாள் காலை ரயிலைப் பிடிக்க ஓட்டம். ஏழாவது நாளாவது சும்மா கிடக்கலாம் என்றால் கன்டோன்மென்ட் ஏலக்கடை இழுக்கும். முதல் தடவை அங்கே போனது அம்மாவுக்கு ஒரு சாய்வு நாற்காலி பார்க்க. பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை விட்டுப் போன சமயம் அது. அவர்கள் வீட்டுச் சாமான்கள் தஞ்சாவூர் வழியாக ரயிலேறி எங்கள் ஊர் ஏலக்கடைகளில் வந்து குவிந்துகொண்டிருந்தன. நாற்காலிக்கு விலை படியவில்லை. ஜாடியோடு திரும்பினேன்.

முழங்கை உயரம் இருக்கும். அடர்ந்த நீலம், கழுத்திலும் காலிலும் தங்கக் கோடு. வயிற்றுப் பக்கத்தில் முட்டை வடிவத்தில் ஒரு வெள்ளைக் கட்டம், அதற்குள் ஓவியம். மஞ்சள் பாவாடை கட்டிய ஒரு பெண் புல்லில் உட்கார்ந்து, கையில் ஒரு பழத்தை வைத்து யாருக்கோ நீட்டிக்கொண்டிருக்கிறாள். யாருக்கு என்று தெரியாது. அவள் விரல் நுனியோடு கட்டம் முடிந்துவிடும்.

ஏலக்கடைக்காரர் காரைக்காலில் ஒரு பிரெஞ்சு வியாபாரியிடம் வேலை பார்த்த கிறிஸ்தவர். நிதானமாகப் பேசுவார். "இது ஜோடி ஜாடிங்க. அவங்க ஒத்தையா செய்ய மாட்டாங்க. இன்னொண்ணுல யாரோ இருக்காங்க. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சாத்தான் படம் முடியும்" என்றார். அந்த ஒரு பேச்சு போதும் என்னைக் கெடுக்க. அன்றிலிருந்து எனக்கு அந்த ஜோடி வேண்டும், அவ்வளவுதான். கண்ணில் பட்ட நீல ஜாடியை எல்லாம் வாங்கி வருவேன், பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன், இல்லை என்று தெரிந்ததும் மறு வாரமே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுப்பேன். அவரும் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்வார்.

என் மனைவியின் அக்கா அப்போது புத்தூரில் இருந்தாள். "இந்த ஞாயித்துக்கிழமை அக்காவாத்துக்குப் போயிட்டு வரலாமா?" என்று மனைவி கேட்பாள். அடுத்த வாரம் என்பேன். அடுத்த வாரமும் கேட்பாள். சண்டை போட்டிருந்தால் எனக்கு உறைத்திருக்கும். அவள் சண்டை போடுகிறவள் இல்லை.

வீட்டில் சண்டை என்றால் அம்மாவோடுதான். பீங்கானில் எலும்பை அரைத்துச் சேர்க்கிறார்கள் என்று கோயிலில் யாரோ அம்மாவிடம் சொல்லிவிட்டார்கள். மடி ஆசாரத்தில் அம்மா நெருப்பு. "எலும்பைக் கொண்டுவந்து பெருமாள் இருக்கற ஆத்துல வைக்கப்படாது" என்று தீர்த்துச் சொல்லிவிட்டாள். அப்படியானால் ஊறுகாய் ஜாடி எப்படி என்று கேட்டேன். "அது ஜாடி, இது எலும்பு" என்றாள். நாலு வருஷம் அந்த நீல ஜாடி வாசல் ரேழியில், சைக்கிளுக்குப் பின்னால், சாக்கைப் போர்த்திக்கொண்டு நின்றது. நான் ஆபீஸ் விட்டு வந்து சைக்கிளை நகர்த்தி, சாக்கை விலக்கி, ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் கால் அலம்பப் போவேன்.

ஒருநாள் ஏலக்கடைக்காரரிடம் இந்தப் புலம்பலைச் சொன்னபோது அவர் சிரித்தார். "எலும்புச் சாம்பல் சேர்க்கிறது இங்கிலீஷ்காரங்க. இது பிரெஞ்சு. வெறும் வெள்ளை மண்ணு, மாவாட்டம் அரைச்சு, சூளையில வேக வச்சது." அன்று ரயிலில் நான் உட்காரவில்லை, நின்றுகொண்டே வந்தேன். அம்மாவிடம், "மண்தாம்மா. நம்மாத்துச் சட்டி பானை மாதிரி சுத்தமான மண். பெருமாள் மேல ஆணை" என்றேன். அம்மா ரேழிக்கு வந்து, தொடாமல், குனிந்து நன்றாகப் பார்த்தாள். "மண்ணுன்னா சரி. ஜலம் தெளிச்சு உள்ள எடுத்துண்டு போ" என்றாள். என் வாழ்க்கையில் அம்மாவோடு நான் வாதாடி ஜெயித்தது அது ஒன்றுதான்.

ஜாடி கூடத்து அலமாரிக்கு வந்தது. மனைவி வெள்ளிக்கிழமை தோறும் அதைத் துடைப்பாள். துடைக்கும்போது, "ஏன்னா, யாருக்கு நீட்டிண்டிருக்கா இவ?" என்பாள். "ஜோடி வந்தா தெரியும்" என்பேன். இப்படியே வருஷங்கள் போயின.

அம்மா படுக்கையில் விழுந்து ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. கூடத்திலேயே கட்டில் போட்டிருந்தோம். கஞ்சி, மருந்து, துணி அலசுவது எல்லாம் மனைவிதான். அந்த நேரம் பார்த்து ஏலக்கடைக்காரரிடமிருந்து கார்டு வந்தது. பொன்மலை ரயில்வே பங்களாவில் ஒரு ஆங்கிலோ இந்தியப் பெண்மணி, புருஷன் இறந்துபோய் மகளோடு ஆஸ்திரேலியா போகிறாள். நீல ஜாடி ஒன்று வைத்திருக்கிறாள், அதே தங்கக் கோடு. நம்முடையதைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துக் காட்டினால்தான் கொடுப்பாளாம். மாதக் கடைசிக்குள் வரவும்.

அன்று மத்தியானம் அம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. வைத்தியர் பார்த்துவிட்டு மருந்து எதுவும் கொடுக்காமல் செருப்பை மாட்டிக்கொண்டார். மனைவிக்குப் புரிந்துவிட்டது. சாவு விழுந்த வீட்டில் செம்பு பித்தளையைத் தேய்த்து எடுத்துக்கொள்ளலாம், மண் பாத்திரத்தை வைத்துக்கொள்ளக் கூடாது, பத்தாம் நாள் உடைத்துப் போட்டுவிட வேண்டும். அதனால் அவள் ஊறுகாய் ஜாடிகளை ஒவ்வொன்றாகப் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். பிறகு என் முன்னால் வந்து நின்று, "வேற ஏதாவது எடுத்து வைக்கணுமா?" என்று கேட்டாள். நான் அம்மா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கார்டை மறுபடி படித்துக்கொண்டிருந்தேன். "ஒண்ணும் வேண்டாம்" என்றேன். அவள் இன்னொரு தரமும் கேட்டாள். "ஒண்ணும் வேண்டாங்கறேனே" என்று எரிந்து விழுந்தேன். சாயங்காலம் விளக்கேற்றும் முன் அம்மா போய்விட்டாள்.

பத்தாம் நாள் கொள்ளிடக்கரையில் காரியம் முடித்து, தலை ஈரத்தோடு வீட்டுக்கு வந்தேன். கூடம் கழுவி விட்டிருந்தது. அலமாரி காலியாக இருந்தது. கொல்லைக் கோடியில் கரி பிடித்த சட்டி ஓடுகளுக்கு நடுவே நீல ஓடுகள் கிடந்தன.

காரியத்துக்கு வந்திருந்த என் அத்தைதான் முன்நின்று எல்லாவற்றையும் ஒழித்திருக்கிறாள். இது என்ன பாத்திரம் என்று என் மனைவியைக் கேட்டிருக்கிறாள். "மண்ணுன்னு சொல்லியிருக்கார்" என்று இவள் சொல்லியிருக்கிறாள்.

"கண்ணாடின்னு சொல்லப்படாதா?" என்றேன். அம்மா செத்ததற்கு வராத குரல் அப்போது வந்தது. அந்த வெட்கம் எனக்கு இன்னும் இருக்கிறது.

"அம்மா காரியத்துல பொய் சொல்லச் சொல்றேளா? பெருமாள் மேல ஆணை வச்சு நீங்கதானே சொன்னேள், மண்ணுன்னு. அதான் அன்னிக்கே ரெண்டு தரம் கேட்டேன்."

அவள் கைகள் சாம்பலும் புளியும் தேய்த்துத் தேய்த்து வெடித்திருந்தன. அதையும் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பதின்மூன்றாம் நாள் சுபஸ்வீகாரம் முடிந்த மறுநாள் வெறுங்கையோடு பொன்மலைக்குப் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால், யார் என்று பார்த்துவிட வேண்டும், வேறொன்றும் இல்லை. பங்களாவில் பாதி சாமான் பெட்டிக்குள் போயிருந்தது. அந்தப் பெண்மணி ஜாடியைத் துணியில் சுற்றி எனக்காக வெளியே வைத்திருந்தாள். உங்களுடையது எங்கே என்று கேட்டாள். உடைந்துவிட்டது என்றேன். எப்படி உடைந்தது என்பதை ஆங்கிலத்தில் சொல்ல எனக்குத் தெம்பில்லை. பரவாயில்லை, இனி இதுவும் ஒற்றைதானே, எடுத்துக்கொண்டு போங்கள், கப்பலில் எப்படியும் உடைந்துவிடும் என்றாள்.

துணியை விலக்கிப் பார்த்தேன். அதே நீலம், அதே கட்டம். மரத்தடியில் ஒருவன் காலை நீட்டிப் படுத்து, தொப்பியை முகத்தின்மேல் கவிழ்த்துக்கொண்டு தூங்குகிறான். பக்கத்தில் ஒரு நாய் மட்டும் அந்தப் பெண் இருக்கவேண்டிய திசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி கேட்டாள். "பார்த்தேளா? யாரு இருந்தா?"

"ஒருத்தன். தொப்பியால மூஞ்சிய மூடிண்டு தூங்கறான்."

"அப்போ அவ நீட்டினது?"

"அவனுக்குத்தான். அவன் பார்க்கலே."

"பாவம். எத்தனை நாழி நீட்டிண்டிருந்தாளோ, கை வலிச்சிருக்கும்" என்றாள்.

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். அந்தப் பக்கம் பார்த்தபடியே, "வர ஞாயித்துக்கிழமை புத்தூர் போகலாமா? உங்கக்காவாத்துக்கு" என்றேன்.



"அத்திம்பேருக்கு மாயவரத்துக்கு மாத்தலாகி ரெண்டு வருஷம் ஆறது. அம்மா காரியத்துக்கு அக்கா அங்கேருந்துதானே வந்தா" என்றாள். குரலில் கோபமே இல்லை. அடுப்பில் பால் பொங்குகிறது என்று உள்ளே போனாள்.