நாற்றங்காலில் புது மண்

கடலே இல்லாத திருச்செங்கோட்டில் கடல்மீன் வளர்க்க ஒரு தனிக் கிறுக்கு வேண்டும். என் வீட்டுக்காரருக்கு அது இருந்தது. ரிக் வண்டியோடு வருஷத்தில் பாதி நாள் வெளிமாநிலங்களில் ஆழ்துளைக் கிணறு போட்டுத் திரிந்த மனிதர், வீடு திரும்பியதும் என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் மீன்தொட்டியைத்தான் பார்ப்பார். அதில் இரண்டு ஆரஞ்சு நிறக் கோமாளி மீன்களும் கொஞ்சம் பவளமும் இருந்தன. "சக்காளத்திய ஊட்டுக்குள்ளயே கொண்டாந்து வெச்சுப்போட்டீங்க" என்று நானும் சொல்லாத நாளில்லை.

மாசியில் ஒருநாள் நெஞ்சு வலிக்கிறது என்றார். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

தொட்டி மட்டும் ஒன்றும் தெரியாதது போல ஓடிக்கொண்டிருந்தது. பெரிய தொட்டிக்குக் கீழே, அலமாரிக்குள், சின்னத் தொட்டி ஒன்று உண்டு. மேல் தண்ணீர் அதில் இறங்கி, அங்கே வளரும் பாசியிடம் அழுக்கைக் கொடுத்துவிட்டு, மோட்டார் வழியாக மறுபடி மேலே ஏறும். ரெஃப்யூஜியம் என்பார் அவர். காலமெல்லாம் விவசாயம் பார்த்த என் மாமனார் அதற்கு நாற்றங்கால் என்று பேர் வைத்தார். மேல் விளக்கு அணைந்ததும் கீழ் விளக்கு எரியும்படி டைமர் வைத்திருந்தார் என் வீட்டுக்காரர். தினமும் பொழுது சாயும்போது அலமாரிக் கதவிடுக்கில் டக்கென்று வெளிச்சம் வரும். அவர்தான் குனிந்து சுவிட்சைப் போட்டார் என்று நெஞ்சு திடுக்கிடும். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் டைமரை மாற்ற மனம் வரவில்லை.

காரியம் முடிந்த பிறகு அவர் பேருக்கு ஒரு பார்சல் வந்தது. பிரித்தால் மண். கீழே பாசி மெலிந்துவிட்டது, அடியில் சேறு போட வேண்டும் என்று அவரே வரவழைத்தது. "மண்ணு வரட்டும், ரெண்டு பேருஞ் சேந்து போடலாம். மோட்டார நிறுத்திப்போட்டுத்தான் போடோணும். மண்ணு படிஞ்சதுக்கப்பறந்தான் ஓட்டோணும்" என்று சொல்லியிருந்தார்.

அதற்குள் பாசி பழுத்து அழுக ஆரம்பித்திருந்தது. மீன்கள் தீனியைத் தொடவில்லை. சொந்தக்காரர்கள் எல்லோரும் தொட்டியை யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிடு என்றார்கள். அவர் கையால் தீனி வாங்கித் தின்ற உயிர்களில் அந்த இரண்டும்தான் எனக்கு மிச்சம். அவையும் போனால் அவரை இன்னொரு தடவை சாகக் கொடுத்ததாகிவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் மோட்டாரை நிறுத்தினேன். மண்ணைக் குழைத்து, கையை முழங்கை வரை கீழ்த் தொட்டிக்குள் விட்டு, பிடி பிடியாக அடியில் வைத்தேன். எங்களில் பெண்கள் அடக்கத்துக்குப் போவதில்லை. தோட்டத்தில் அவரைப் புதைத்தபோது ஊரே ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டது. என்னை வாசலோடு நிறுத்திவிட்டார்கள். அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. இப்போது அவருக்கே போடுவது போலிருந்தது. கடைசிப் பிடியில் அழுகை முட்டிக்கொண்டு வர, கை கழுவப் பின்னால் போனேன்.

திரும்பி வந்தால் மோட்டார் ஓடுகிறது. தோட்டத்திலிருந்து தேங்காய் கொண்டுவந்திருந்த மாமனார் சுவிட்ச் பக்கத்தில் நிற்கிறார். தொட்டி முழுக்க ஆற்றுப் புதுவெள்ளம் போல ஒரே கலங்கல். மீனும் தெரியவில்லை, பவளமும் தெரியவில்லை.

"என்னங்க மாமா பண்ணுனீங்க?"

"புது மண்ணு போட்டிருக்கறயே அம்மிணி. ஒடனே தண்ணி உட வேண்டாமா? மோட்டாரு நின்னு கெடந்துச்சு, நாந்தான் போட்டுட்டேன்."

மண் போட்டால் தண்ணீர் கட்ட வேண்டும். அவருக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். அவரைக் கோபிக்கவும் முடியவில்லை, கோபிக்காமல் இருக்கவும் முடியவில்லை. மோட்டாரை நிறுத்தி, காற்றுக் குமிழி விடும் கருவியை மட்டும் மெல்ல ஓடவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். மண் செவுளை அடைத்தால் மீன்கள் செத்துவிடும் என்று சொன்னதும் அவரும் எதிரே உட்கார்ந்தார்.

"எம்பையன் மேல மொதப் புடி மண்ணு நாந்தாஞ் சாமி போட்டேன். இப்ப இந்த மீனுவ மேலயும் நானே போட்டுட்டனா?"



பொழுது சாயச் சாயக் கலங்கல் படிந்தது. கண்ணாடியின் உள்பக்கம், அதுவரை நான் பார்த்தேயிராத கோடுகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. என் வீட்டுக்காரர் பிளேடால் பாசி சுரண்டியபோது விழுந்த கீறல்கள். அவற்றில் மண் ஏறியிருந்தது. அத்தனையும் இடப்பக்கம் சாய்ந்து வளைந்து இறங்கின. அவர் இடக்கைக்காரர். யாரோ இப்போதுதான் சுரண்டிவிட்டு நகர்ந்தது போலிருந்தது.

"அவங் கைதான்" என்றார் மாமனார்.

டக்கென்று கீழ் விளக்கு எரிந்தது. திடுக்கிட்டேன். மாமனாரும் திடுக்கிட்டு, வாசலில் ஆள் வந்தால் பார்ப்பது போல அலமாரியைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு மட்டும்தான் அப்படி என்று அதுவரை நினைத்திருந்தேன். அப்புறம் கோடுகளுக்குப் பின்னால் ஆரஞ்சாக ஒன்று அசைந்தது. அதன் வாலை ஒட்டி இன்னொன்று.

இரண்டும் பிழைத்துக்கொண்டன. கீழே பாசி பச்சை பிடித்து வளர்கிறது. அந்தக் கோடுகள் உள்ள பக்கக் கண்ணாடியை மட்டும் நான் துடைப்பதில்லை.

மாமனார் இப்போதெல்லாம் தினமும் சாயங்காலம் தோட்டத்திலிருந்து வந்துவிடுகிறார். ஏதாவது காய் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தொட்டிக்கு எதிரே உட்காருவார். இருட்டுவதற்குள் கிளம்புங்கள், பஸ் போய்விடும் என்றால் அசைய மாட்டார்.

"இரு சாமி. அவன் வெளக்கப் போடட்டும், பாத்துட்டுப் போறேன்."