சாம்பல்காரியின் காது

கூண்டின் மேல் போட்ட துண்டை விலக்கிப் பார்த்து, "திரும்பவும் நீயாடா" என்கிறாள் கத்தரி அக்கா. உள்ளே மஞ்சள் கடுவன் மீனைத் தின்று முடித்து முகம் துடைத்துக்கொண்டிருக்கிறது. இடது காதின் நுனி நறுக்கப்பட்டிருக்கிறது. கருத்தடை முடிந்த பூனைக்கு அதுதான் அடையாளம். இந்த வாரத்தில் இது மூன்றாவது விருந்து.

எங்கள் குடியிருப்பின் தரைத்தளத்தில் அவள் தையல் கடை. கழுத்தில் அளவு நாடா, முழங்கை வரை கீறல். இங்கே திரியும் பதினான்கு பூனைகளைப் பிடித்து, மருத்துவரிடம் கொண்டுபோய், அறுவை ஆறியதும் பிடித்த இடத்திலேயே விட்டிருக்கிறாள். பாக்கி ஒன்றுதான்: சாம்பல்காரி. வருடத்துக்கு மூன்று ஈற்று. ஞாயிற்றுக்கிழமைக்குள் அது பிடிபடாவிட்டால் மொத்தப் பூனைகளையும் சாக்கில் கட்டி எங்காவது விட ஆள் கூப்பிடுவதாகச் சங்கச் செயலாளர் சொல்லிவிட்டார்.

பசித்த பூனைதான் கூண்டில் ஏறும். யாரும் தீனி வைக்கக் கூடாது என்று மாடிக்கு மாடி தாள் ஒட்டினாள். எல்லோரும் படித்தோம், அடுத்த வீட்டுக்கு எழுதியது என்று எடுத்துக்கொண்டோம். மூன்றாம் மாடி வாத்தியார் பால் மட்டும்தான் வைத்தாராம். என் வீட்டிலிருந்து போனது ஒரு மீன் தலை.

"ஒரு வாய்தானே, ஒரு வாய்தானேன்னு பன்னெண்டு வீடு. அது என்னப் பாத்து ஏப்பம் விட்டுட்டுப் போகுது."

அவளைப் பொறுமைசாலி என்று எழுத மாட்டேன். கதவு கதவாகத் தட்டிக் கத்தினாள். பன்னிரண்டு வீடும் அடங்கின. அப்படியும் சனிக்கிழமை காலை சாம்பல்காரி நிறைந்த வயிற்றோடு கூண்டைக் கடந்து போயிற்று. அக்கா பின்னாலேயே போனாள்; நானும் போனேன்.

ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் செயலாளர் குந்தியிருந்தார். கையில் வறுத்த மீன். அவர் முட்டியில் அது தலையைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

"எத்தன குட்டி போட்ட உடம்பும்மா. பாவமா இருக்கு."

"சாக்குல கட்டச் சொன்னது யாரு சார்?"

"அது... மத்த பூனைங்களச் சொன்னேன்."

கத்தரி அக்கா கூண்டைக் கொண்டுவந்து வைத்தாள். கதவைத் தாங்கிய குச்சியில் கயிறு கட்டி, மறு நுனியை அவரிடம் நீட்டினாள். அவர் மீனை உள்ளே வைத்து, நாக்கைச் சொடுக்கிக் கூப்பிட்டார். அவரை ஒருமுறை பார்த்துவிட்டு அது நுழைந்தது. வாலும் உள்ளே போயிற்று. மீன் பாதி தீர்ந்தது. அவர் கை அசையவில்லை.

கத்தரி அக்கா கயிறு பிடித்த அவர் கையின்மேல் தன் கையை வைத்து, சேர்த்து இழுத்தாள்.