கூட்டி வைத்த பத்தியம்

என் மகளுக்குக் கீழ்த்தாடை இடப்பக்கமாகக் கோணி வளர்ந்தது. தென்காசியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். ஊரே முகக்கவசத்தைக் கழற்றிய பிறகும் அவள் கழற்றவில்லை. இருபத்தாறு வயதில் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் எலும்பை வெட்டி நேராக வைத்தார்கள்.

அதற்கு முன்னால் டாக்டர் ஸ்கேனைக் கம்ப்யூட்டரில் காட்டினார். என் மகள் தலைதான், தோல் இல்லாமல். எலும்பு வெள்ளை, மெல்லுகிற தசை சிவப்பு. அப்படியும் இப்படியும் திருப்பினார். எனக்குப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

"எலும்பை நான் நேராக்கிருவேன். அதைப் பிடிச்சு நிறுத்துறது இந்தத் தசைதான். ஆறு வாரம் கஞ்சி. அப்புறம் ரெண்டு பக்கமும் நல்லா சவைக்கணும்" என்றார்.

பத்தியத்தைக் குறைத்தால்தான் கெடுதல், கூட்டினால் ஒன்றும் ஆகாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். ஆறு வாரம் முடிந்தும் சோற்றை மிக்சியில் அரைத்தே கொடுத்தேன்.

"எம்மா, நான் என்ன பச்சப்பிள்ளையா? எதுத்த வீட்டுக் கைப்பிள்ள முறுக்கு திங்குது."

"சும்மா குடிட்டி. தையல் பிரிஞ்சா டாக்டரா இங்கன ஓடி வருவாரு?"

சிரித்துக்கொண்டே குடித்தாள். நான்கு மாதம் குடித்தாள்.

தாடை மறுபடி சாய ஆரம்பித்தது. மறுபடி ஸ்கேன். சிவப்பு இரண்டு கன்னத்திலும் வற்றிப்போய் இருந்தது.

"சொன்ன மாதிரி சவைச்சீங்களா?"

மகள் என்னைப் பார்த்தாள். நான் குனிந்துகொண்டேன்.

"சவைச்சேன் டாக்டர்."

"சவைச்சும் இப்படின்னா, திரும்ப வெட்டி வச்சாலும் நிக்காதும்மா. இதோட விட்டுருவோம்."

நான் அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள். படித்தவர்கள் முன்னால் வாய் திறந்ததில்லை. அன்றும் திறக்கவில்லை.

பஸ்ஸில் கேட்டேன். "ஏன்ட்டி பொய் சொன்ன?"

"உன்னய ஏசுவாரு. நீ அங்கனயே அழுவ."

டாக்டரிடம் உண்மையைச் சொல்ல இரண்டு தடவை அவளுக்குத் தெரியாமல் எங்கள் ஊர் இலஞ்சியிலிருந்து கிளம்பினேன். முதல் தடவை தென்காசி பஸ் ஸ்டாண்டோடு திரும்பிவிட்டேன். அடுத்த தடவை ஆஸ்பத்திரி வரை போய் பெஞ்சில் உட்கார்ந்தேன். டோக்கன் கொடுக்கிற பெண், "யாருக்குப் பாக்கணும் ஆச்சி?" என்று கேட்டாள்.

"யாருக்கும் இல்ல தாயி, சும்மா இருக்கேன்" என்று எழுந்து வந்துவிட்டேன்.